ஒரு ஸ்பூன் ஹெம்ப் எண்ணெய்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நண்பர் தங்கவேலின் அபார்ட்மென்ட்டில் வீட்டுச் சாமான்களை விற்கும் மூவிங் சேல். ஊருக்கே திரும்பிப் போகிறவர்கள் வீட்டில் வழக்கமாக நடப்பதுதான். சோபா போனது. டிவி போனது. கிரைண்டருக்குப் போட்டியே நடந்தது.

ஆனால் வந்தவர்களில் பாதிப் பேர் தங்கவேலின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மனைவி சாந்தாமணியிடம் விலை கேட்டார்கள், சாமானைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஏன்? தங்கவேல் டிரக் டெஸ்ட்டில், அதாவது போதைமருந்துப் பரிசோதனையில், மாட்டியவராயிற்றே...

இத்தனைக்கும் அவர் சிகரெட்கூடத் தொடாத மனிதர். ஈரோட்டுக்காரர். பேப்பர் தயாரிப்பு பற்றிப் படித்துவிட்டு, பார்சிப்பனியில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனியின் லேபில் வேலை பார்த்தார். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் — ஹெம்ப்.

ஹெம்ப் என்பது கஞ்சாவின் பங்காளி. அதே இனத்துச் செடி. போதை தரும் சரக்கு மட்டும் அதில் இல்லையென்றே சொல்லலாம். வார இறுதி விருந்துகளில் எல்லோரும் ஸ்டாக் மார்க்கெட் பேசும்போது தங்கவேல் இதைப் பேசுவார்.

"ஏனுங்ணா, ஒரு மரம் வளர எத்தனை வருஷமாகுது? ஹெம்ப் நாலே மாசத்துல ஆளை மறைக்கிற உசரம் நிக்குதுங்க. பேப்பர் பண்ணலாம், துணி நெய்யலாம், கயிறு திரிக்கலாம். தண்டுக்கு உள்ள இருக்கிற சக்கையில பலகைகூடப் பண்ணலாம். பருத்திக்கு அடிக்கிற மாதிரி மருந்தடிக்க வேண்டாமுங்க. எங்கூர்ல சாயத்தண்ணி ஆத்துல கலர் கலரா ஓடறதைப் பாத்து வளந்தவன் நானு. அந்த வயித்தெரிச்சல்ல சொல்றேன்."

யாராவது சிரிப்பார்கள். "என்ன தங்கவேல், சரக்கு எப்ப வருது?" என்பார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

இந்த நாட்டின் சட்டம் ஒரு விசித்திரம். ஹெம்ப் துணியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம். ஹெம்ப் விதையில் ஆட்டிய எண்ணெயை ஹெல்த் ஃபுட் கடையில் வாங்கலாம். வயலில் விதைத்தால் மட்டும் குற்றம். பக்கத்துக் கனடாவில் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு தாராளமாகப் பயிரிடுகிறார்கள்.

தங்கவேல் அந்த எண்ணெயை வாங்கினார். தினமும் காலையில் ஒரு ஸ்பூன் குடித்தார். இட்லிப்பொடிக்கும் அதையே ஊற்றிக்கொண்டார். உடம்புக்கு நல்லது என்று பாட்டிலிலேயே போட்டிருந்தது.

இந்த வருட ஆரம்பத்தில் அவர் கம்பெனி லேபை மூடப்போவதாகச் சொன்னது. ஆள் கெட்டிக்காரர், உடனே வேறு இடத்தில் வேலை கிடைத்தது. அதைவிடப் பெரிய பதவி. ஹெச்-ஒன் விசாவை மாற்றி, கிரீன் கார்டுக்கும் புதிதாக அப்ளை பண்ணுவதாக உறுதி சொன்னார்கள். சம்பிரதாயத்துக்கு ஒரு டிரக் டெஸ்ட். சிறுநீரைப் பிடித்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தார்.

சில நாள் கழித்து டெஸ்ட் முடிவுகளைச் சரிபார்க்கும் டாக்டர் போன் செய்தார். டெஸ்ட் பாசிட்டிவ். கஞ்சா.

தங்கவேல் பதறிப்போய் எண்ணெய் விஷயத்தைச் சொன்னார். பாட்டிலைக் கொண்டுவருகிறேன், இன்னொரு டெஸ்ட் எடுங்கள் என்று கெஞ்சினார். டாக்டர் நல்ல மனிதர்போல. "நீங்கள் சொல்வதை நம்புகிறேன். ஆனால் எண்ணெயை ஒரு காரணமாக ஏற்றுக்கொள்ள எனக்கு அதிகாரம் இல்லை" என்றாராம். மறுநாளே அந்த வேலை இல்லையென்று ஆகிவிட்டது.

கேள்விப்பட்டு அன்று மாலையே போனேன். டைனிங் டேபிளில் தங்கவேல் உட்கார்ந்திருந்தார். எதிரே அவர் பெண் நிவேதா. பத்து வயது, இங்கேயே பிறந்தவள். போதைப்பொருளைத் தொட மாட்டேன் என்று ஸ்கூலில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்து, அதற்காக ஒரு டி-ஷர்ட் வாங்கி வந்த பெண்.

"அப்பா, டிட் யூ டூ டிரக்ஸ்?"

"இல்ல கண்ணு. அது வெறும் எண்ணெய்."

"தென் வொய் டிட் தே ஸே யூ டிட்?"

யார் கேட்டாலும் ஹெம்ப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடிய மனிதர்... எண்ணெய் பாட்டிலை மட்டும் அவள் பக்கம் நகர்த்தினார். நிவேதா எழுந்து தன் ரூமுக்குப் போய்விட்டாள்.

சாந்தாமணி அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்: "அவளையாவது நம்ப வைக்க முடிஞ்சாப் போதுமுங்க. கோயில்ல ஒரு ஆன்ட்டி எங்கிட்ட வந்து, போதையை விடவைக்கிற ரீஹேப் எங்கே நல்லா இருக்கும்னு சொல்லித் தர்றாங்க."

வக்கீலிடம் போனார்கள். வழக்குப் போடலாம், ஆனால் வேலை போனால் விசாவும் போய்விடும், வழக்கு முடியும்வரை அது காத்திருக்காது என்றார் அவர். வேறு வேலை தேடலாமென்றால், இன்டர்நெட் கம்பெனிகள் கவிழ்ந்த டாட்காம் சரிவில் ஒவ்வொரு கம்பெனியும் ஆளை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. பழைய லேபும் மூடப்பட்டது. பெட்டி கட்டினார்கள்.

எனக்குத் தெரிந்து அந்தச் செடி யாருக்கும் கெடுதல் செய்ததில்லை. மண்ணைக் கெடுக்காது, காட்டைக் காப்பாற்றும், ஆலைக்கு வேலை கொடுக்கும். அதன் சங்கடம் ஒன்றுதான். குடும்பத்தில் ஒருத்தன் கெட்ட பெயர் எடுத்துவிட்டால் நாம் மொத்தக் குடும்பத்தையும் ஒதுக்கிவைக்கிறோம் இல்லையா? செடிக்கும் அதே நியாயம். செடியைப் பற்றிப் பேசிய மனிதருக்கும் அதே நியாயம். படித்தவர்கள், விஞ்ஞானம் பேசுகிறவர்கள் நிறைந்த இங்கே, நம்மவர்கள் மத்தியில்தான் இதுவும் நடந்தது.

நேற்று ஈரோட்டிலிருந்து தங்கவேல் போன் செய்தார். ஒரு பேப்பர் மில்லில் வேலை கிடைத்திருக்கிறதாம். நிவேதாவுக்குத் தமிழ் எழுத வரவில்லை, ஸ்கூலுக்குப் போக அழுகிறாளாம். அப்பாவிடம் அதிகம் பேசுவதில்லையாம்.

பேச்சை மாற்றுவதற்காக, "அங்கே யார்கிட்டயாவது ஹெம்ப் பத்திச் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"மொதலாளிகிட்டச் சொன்னேனுங்ணா. மரத்துக்குப் பதிலா அதைப் போடலாம்னு."

"என்ன சொன்னார்?"

"கஞ்சாச் செடியான்னு கேட்டாருங்க. யாரு காதுலயும் விழுந்துறக் கூடாதுன்னு எந்திரிச்சுப் போயி ரூம் கதவைச் சாத்தினாரு."