ஒன்பது பிள்ளைகளும் ஒரே ஃபோனும்

எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் வேன் ஓட்டுநருக்கு ஒரு குணம் உண்டு. யார் என்ன சொன்னாலும் தெலுங்கில் "சரே அக்கா" என்பார். சொன்னதைச் செய்தும் விடுவார். ஒருவர் மட்டும் சொல்லும் நாட்களில் இதைவிட நல்ல ஓட்டுநர் கிடைக்கமாட்டார். அன்று மதியம் ஏழு பேர் சொன்னோம்.

ஆந்திர எல்லையில், வரதய்யபாளையத்திலிருந்து உள்ளே வரும் சாலையில், ஓடைமேல் இருக்கும் தரைப்பாலத்தைத் தாண்டினால் எங்கள் ஊர். முந்தைய தலைமுறையில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலி. பிறகு ஆளுக்கு அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று வந்தது. பிறகு தடா பக்கம் கம்பெனிகள் வந்தன. ஆண்கள் ஸ்ரீபெரும்புதூர், பெங்களூர், குவைத் என்று கிளம்பினார்கள். பிள்ளைகள் தடாவில் இருக்கும் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கு வேனில் போக ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரருக்குக் கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வருவார். நான் பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு ஒரு செருப்புக் கம்பெனியில் பசை கலக்கும் பிரிவில் இருந்தேன். எங்கள் மகள் யு.கே.ஜி.

அன்று எனக்கு வார விடுமுறை. மழை மூன்றாவது நாளாகப் பெய்துகொண்டிருந்தது. காலையில் மகளை அனுப்பலாமா வேண்டாமா என்று யோசித்து, அனுப்பி, அனுப்பியதற்காக வருந்தி, அவளுடைய மூச்சிரைப்பு மருந்து என் மேசைமேலேயே இருப்பதைப் பார்த்து இன்னும் வருந்திக்கொண்டிருந்தேன். ஈர நாட்களில் அவளுக்கு இழுப்பு வரும். பள்ளியை மதியத்தோடு விட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது, தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் முழங்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வேன் அந்தப் பக்கம். நாங்கள் இந்தப் பக்கம்.

பாலத்துக்கு அருகில் கூரை உள்ள ஒரே இடம் பால் சென்டர். வேனில் இருந்த ஒன்பது பிள்ளைகளின் அம்மாக்கள் ஏழு பேரும் அங்கே கூடினோம். நான் மருந்துப் புட்டி, துண்டு, மாற்றுக் கவுன் எல்லாவற்றையும் ஒரு கைப்பையில் போட்டு எடுத்துப்போயிருந்தேன். மகள் அந்தப் பக்கம் இருக்கும்போது இந்தப் பக்கம் கவுன் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

முதலில் போலீசுக்கு ஃபோன் செய்தேன். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் தமிழ்நாட்டு டவர்தான் கிடைக்கும். எடுத்தவர் நல்ல தமிழில் பொறுமையாக விசாரித்தார். ஊர்ப் பெயரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் தாள் புரளும் சத்தம்.

"அம்மா, நீங்க ஆந்திராவுல இருக்கீங்க."

"தெரியும் சார்."

"நான் திருவள்ளூர்ல இருக்கேன்."

இருவரும் சற்று நேரம் அதைப் பற்றி யோசித்தோம். அவர் ஆந்திரத்து எண் ஒன்றைத் தேடிக் கொடுத்தார். அது எடுக்கப்படவே இல்லை. மழைநாளில் எத்தனை ஊரிலிருந்து கூப்பிட்டிருப்பார்களோ.

அதற்குள் மற்ற ஆறு பேரும் ஓட்டுநரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒருத்தி, பள்ளிக்கே திரும்பிப் போ என்றாள். ஒருத்தி, வரதய்யபாளையத்தில் தன் அம்மா வீட்டில் எல்லோரையும் இறக்கு என்றாள். இரட்டைப் பிள்ளைகளின் அம்மா, பாலம்வரை வா, நாங்கள் கயிறு போடுகிறோம் என்றாள். கயிறு யாரிடமும் இல்லை. குவைத்துக்காரர் மனைவி, தமிழ்நாட்டுப் பக்கம் சுற்றிக்கொண்டு வா என்றாள். ஓட்டுநர் ஒவ்வொருவருக்கும் "சரே அக்கா" சொல்லி, ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தார். ஒரு மணி நேரத்தில் வேன் ஒரே சாலையில் நான்கு முறை போய் நான்கு முறை திரும்பியிருந்தது. கடைசியாக நான் கூப்பிட்டபோது வேன் மறுபடி பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றிருந்தது, அவர் குரல் தளர்ந்திருந்தது.

"அக்கா, டீசலு கொஞ்சமே உந்தி. எங்க போணும்னு எல்லாரும் சேந்து ஒண்ணு சொல்லுங்க."

அப்போதுதான் எனக்குக் கம்பெனிப் பயிற்சி நினைவுக்கு வந்தது. பசை தீப்பிடிக்கும் பொருள் என்பதால் எங்கள் பிரிவில் நான்கு பேருக்குச் சிவப்புத் தொப்பி கொடுத்து ஒரு நாள் முழுக்கப் பாடம் நடத்தியிருந்தார்கள். ஆபத்தில் கட்டளை ஒரே வாயிலிருந்து வர வேண்டும். செய்தி ஒரே இடத்துக்குப் போக வேண்டும். யாருடைய சொந்தம் ஆபத்தில் இருக்கிறதோ அவர் தலைமை ஏற்கக் கூடாது. தேர்வில் நான் முதலாவது வந்தேன்.

பால் சென்டர் சுவரில் கரித்துண்டால் கட்டம் போட்டு விளக்கினேன். மேலே ஒரு கட்டம், தலைமை. கீழே மூன்று கட்டங்கள். பெண்கள் அமைதியாகக் கேட்டார்கள். மேல் கட்டத்தில் என் பெயரைச் சொல்வார்கள் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். சொன்னால் மறுக்கலாமா, அடக்கமாக ஏற்கலாமா என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

குவைத்துக்காரர் மனைவி சொன்னாள், "சொந்தம் மாட்டிக்கினு இருந்தா தலைவரு ஆகக் கூடாதுன்னு நீதான சொன்ன. நம்ம ஏழு பேரு புள்ளையும் வண்டில கீது. இங்க புள்ள மாட்டாதவங்க யாரு?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பால் சென்டர் அக்கா கேன் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய பிள்ளைகள் வளர்ந்து பெங்களூரில் இருந்தார்கள். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் தினமும் காலையும் மாலையும் நாற்பது வீட்டுப் பாலை வரிசையில் நிற்கவைத்து வாங்கி, தண்ணீர் கலந்தவரை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, வண்டி வரும் நிமிடத்துக்குக் கேனை மூடி வைப்பவர்.

"நானா? எனுக்கு இன்னாத்துக்கு இந்த வம்பு" என்று கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். வந்ததும் ஒரு அலுமினிய பேசினைத் தரையில் வைத்தார். "எல்லார் ஃபோனும் இதுல போடுங்க. என்து ஒண்ணுதான் பேசும். ஆந்திரா ஃபோனும் போடு, தமிழ்நாடு ஃபோனும் போடு. எனுக்குத் தெரியும் உங்கள."

எங்கள் எல்லையில் ஆளுக்கு இரண்டு ஃபோன் சாதாரணம். இந்தப் பக்கத்துக்கு ஒன்று, அந்தப் பக்கத்தில் வேலை செய்யும் கணவனிடம் ரோமிங் இல்லாமல் பேச ஒன்று. பேசினில் பதின்மூன்று ஃபோன்கள் விழுந்தன.

"ஏழு பேருக்குப் பதிமூணுதான கீது" என்றார் அக்கா.

"என்னோட இன்னொண்ணு வீட்டுல சார்ஜ்ல இருக்கு அக்கா" என்றேன். அது கைப்பையில், கவுனுக்கு அடியில் இருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. விதியை எழுதியவளுக்கு அவசரத்துக்கு ஒன்று இருக்கட்டும் என்று நினைத்திருப்பேன்.

அக்கா முதலில் எங்களைக் கேட்டார். "புள்ளைங்க இன்னிக்கே வூட்டுக்கு வரணுமா, பத்திரமா இருக்கணுமா? ரெண்டும் கேக்காத. ஒண்ணு சொல்லு." பத்திரம் என்று ஏழு பேரும் சொன்னோம். அவர் ஓட்டுநரைக் கூப்பிட்டு, ஏரிக்கரைச் சாலை வழியாக வரதய்யபாளையம் பால் குளிரூட்டும் நிலையத்துக்குப் போகச் சொன்னார். அங்கே உயரமான கட்டடம், ஜெனரேட்டர், தெரிந்த ஆட்கள். பிறகு அங்கே இருப்பவரிடம் ஒன்பது பிள்ளைகள் வருகிறார்கள் என்று சொன்னார். இரண்டு அழைப்புகள், மூன்று நிமிடம். என் கரிக் கட்டத்தை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் ஓரமாக நின்று மழையைப் பார்த்தேன். ஏரிக்கரைச் சாலை. மூன்று நாள் மழை. கரை உடைந்தால்? ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வயல், நடுவில் வேன். உள்ளே மூச்சு இழுக்கும் ஒரு குழந்தை. அக்காவிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் மற்றவர்களும் பயப்படுவார்கள், பேசினில் கை வைப்பார்கள், கட்டுப்பாடு கெடும். கட்டுப்பாட்டைக் காப்பதற்காக நான் கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கட்டடத்துக்குப் பின்னால் போய், குடைக்குள் ஓட்டுநரைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, ஏரிக்கரைப் பக்கம் போகாதீங்க. மேடான இடமாப் பாத்து நில்லுங்க. நான் விசாரிச்சிட்டுத் திரும்பக் கூப்பிடறவரைக்கும் யார் சொன்னாலும் நகராதீங்க."

"சரே அக்கா. செங்கல் சூளை கிட்ட நிக்கறேன். பாப்பா பாகா உந்தி, நல்லா தூங்கிக்கினு..."

அதோடு அழைப்பு அறுந்தது. மறுபடி போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. காலையிலிருந்து எத்தனை அழைப்பு வந்திருக்கும். சார்ஜ் தீர்ந்துவிட்டது.

நான் திரும்பி வந்து நல்ல பிள்ளையாக நின்றேன். இருபது நிமிடம் கழித்துக் குளிரூட்டும் நிலையத்திலிருந்து அக்காவுக்கு ஃபோன் வந்தது. வேன் வரவில்லை. பத்து நிமிடப் பாதை அது. அக்கா ஓட்டுநரைக் கூப்பிட்டார். அணைந்திருந்தது. பேசினில் ஃபோன்கள் ஒன்று மாற்றி ஒன்று அடித்துக்கொண்டிருந்தன. கணவர்களுக்குச் செய்தி போய்விட்டது போலிருக்கிறது.

இரட்டைப் பிள்ளைகளின் அம்மா அழ ஆரம்பித்தாள். அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பாலில் தண்ணீர் கலந்தவரைக் கண்டுபிடிக்கும் அதே பார்வை.

"யாரோ நடுவுல பூந்து பேசிகீறீங்க."

எல்லோருடைய கண்ணும் குவைத்துக்காரர் மனைவிமேல் போனது. அவளுக்கு எதிலும் தலையிடும் ஆள் என்று பெயர்.

"ஏன், நான்தான் கெடைச்சேனா?" என்றாள் அவள். "என் ரெண்டு ஃபோனும் பேசின்ல கீது. எண்ணிப் பாரு. என் பையனும் அதே வண்டிலதான் கீறான்."

அவள் குரல் உடைந்தது. அவள் உரக்கப் பேசித்தான் நான் கேட்டிருக்கிறேன். நான் வாயைத் திறக்க நினைத்தேன். இப்போது சொன்னால் என்ன ஆகும், ஒரு நிமிடம் பொறுத்தால் வேன் தானே போய்ச் சேருமோ, கம்பெனிக்குச் செய்தி போய்ச் சிவப்புத் தொப்பியை வாங்கிக்கொள்வார்களோ என்றெல்லாம் மனம் ஓடியது. அதற்குள் அக்கா சொன்னார், "வண்டி எங்க நிக்குதுன்னு தெரிஞ்சா போதும். பால் வண்டி அந்தப் பக்கம்தான் கீது, அனுப்பிடுவேன். எங்கன்னு தேடறது?"

எங்கே என்று தெரிந்த ஒரே ஆள் அந்தக் கூரைக்கு அடியில் நான்தான்.

"செங்கல் சூளை கிட்ட" என்றேன். பிறகு கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து, மற்றப் பதின்மூன்றின்மேல் வைத்தேன்.

அக்கா உடனே கேட்டார், "பழைய சூளையா, புது சூளையா?"

"அது... கேக்கல அக்கா."

"எந்தப் பக்கத்துலேந்து வந்துகினு இருந்தான்?"

"பாலத்துலேந்து."

"அப்ப பழசு." பால் வண்டி ஓட்டுபவரைக் கூப்பிட்டார். மாலை நடைக்கு அவர் கிளம்பும் நேரம்தான். சூளைக்குப் போய்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நிலையத்தில் இறக்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏரிக்கு பயந்தியா? போன வருசம்தான் அந்தக் கரைய ஒசத்திக் கட்னாங்க. கேட்ருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

திட்டுவதைக் குவைத்துக்காரர் மனைவி பார்த்துக்கொண்டாள். "செவுத்துல படம் போட்டுப் பாடம் நடத்திட்டு, கக்கூசுல போயி ஃபோன் பேசுதே இந்தப் படிப்பு. எனுக்கு மட்டும் இன்னா, ஏரி கண்ணுல படலயா?"

கால் மணி நேரத்தில் பால் வண்டிக்காரர் கூப்பிட்டார். சூளையில் வேன் நிற்கிறது. ஒன்பது பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் ஓட்டுநர் பிள்ளைகளை அனுப்ப மறுக்கிறார். அக்கா ஒருத்தர் திரும்பக் கூப்பிடும்வரை யார் சொன்னாலும் நகரக் கூடாது என்று சொல்லியிருக்கிறாராம்.

பால் சென்டர் அக்கா ஃபோனை என்னிடம் நீட்டினார். "நீ போட்ட உத்தரவு. நீயே எடு."

ஏழு பேர் பார்க்க, நான் ஓட்டுநரிடம் பேசினேன். "அண்ணா, நான்தான். பிள்ளைகளைப் பால் வண்டியில ஏத்திடுங்க."

"நிஜங்காவா அக்கா? இதுதான் கடைசியா?"

"இதுதான் கடைசி."

"சரே அக்கா" என்றார். அதில் இருந்த நிம்மதியை நான் வேறு எந்தக் குரலிலும் கேட்டதில்லை.

பிள்ளைகள் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபின், அம்மாக்கள் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசலாம் என்று அக்கா வரிசை வைத்தார். பால் ஊற்றும் அதே வரிசை. எங்கள் வீட்டில் மாடு இல்லாததால் நான் கடைசி. கேட்க ஏழு கேள்விகள் வைத்திருந்தேன். மகள் ஒன்றுக்குத்தான் பதில் சொன்னாள்.

"இழுக்குதாடி?"

"இல்லம்மா. சூடா பால் குடுக்கறாங்க, ஆறிடும். நைனா கிட்ட சொல்லு, நான் பால் வண்டில வந்தேன்னு."

ஃபோனை யாரிடமோ கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு இன்னும் ஒன்றேகால் நிமிடம் மிச்சம் இருந்தது. அதை இரட்டைப் பிள்ளைகளின் அம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஏரிக்கரைச் சாலைமேல் அன்று தண்ணீர் வந்ததா என்று பிறகு பலரை விசாரித்தேன். கொஞ்சம் வந்தது என்றார்கள் சிலர். வரவே இல்லை என்றார்கள் சிலர். நான் வேனை நிறுத்தியது நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. இரண்டு பதிலையும் மாற்றி மாற்றி நம்பிப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை தண்ணீர் வடிந்ததும் பால் வண்டி பாலத்தைக் கடந்து வந்தது. அக்கா முதலில் பிள்ளைகளை இறக்கினார், பிறகு காலிக் கேன்களை. தலையைத் தொட்டு ஒவ்வொன்றாக எண்ணி, அந்தந்த அம்மாவிடம் விட்டார். குவைத்துக்காரர் மனைவி தன் மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே, "உன்து வருது பாரு" என்றாள்.

என் மகள்மேல் பால் வாடை அடித்தது. சேற்றில் மண்டியிட்டு அவள் முதுகில் காதை வைத்தேன்.

"அம்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். மூச்ச இழுத்து வுடு."

அவள் இழுத்து விட்டாள். சரியாகத்தான் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி ஒரு முறை விடச் சொன்னேன்.