‘வாஸ்’ என்றது அந்தக் குரல்

அது எண்பதுகளின் தொடக்கம். பம்பாய்க்கு வேலைக்குப் போன என் கணவரிடமிருந்து மூன்று மாதமாகக் கடிதம் இல்லை. மாமியாரும் நானும் கழுகுமலையிலிருந்து பஸ் ஏறி, கோவில்பட்டி தபால் ஆபீசுக்கு வந்து, அவருடைய கம்பெனிக்கு டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தோம். என்னால் பெஞ்சில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கவுண்டருக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

மதியம் லைன் கிடைத்தது. எதிர்முனையில் பேசியவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கோ ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷ்தான். கணவர் பெயரைச் சொன்னேன்.

“ஹி வாஸ் எ குட் மேன்” என்றார்.

வாஸ் என்றால் இறந்தகாலம். பள்ளியில் ஒப்பித்த அந்தச் சொல்லுக்குள் சாவு இருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

மாமியார் என் முந்தானையை இழுத்தார். “ஏட்டி, என்ன சொல்லுதாவ?”

நான் போனில் கத்தினேன். “வாஸ் வேண்டாம் சார். நவ்? இஸ்? இஸ்?”

சற்று நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, “இஸ், இஸ். லெஃப்ட் ஜாப். ஹி இஸ் இன் பூனா” என்றார்.

“இருக்காவளாம் அத்தை. வேலையைத்தான் விட்டுட்டாவளாம்.”

மாமியார் தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. உயிரோடு இருப்பவருக்கு ஒரு கார்டு எழுத ஏன் தோன்றவில்லை என்று திரும்பும் பஸ்ஸிலேயே மனம் குடையத் தொடங்கிவிட்டது.

தீபாவளிக்கு வந்தவர், வேலை போன அவமானத்தில் எழுதவில்லை என்றார். நம்பினேன். அந்தச் சில நொடிகள் நான் விதவையாக நின்றதை மட்டும் அவரிடம் இன்றுவரை சொல்ல முடியவில்லை.