சாமி முடி

சவரக்கத்தி பிடித்துப் பிழைப்பவனுக்கு ஊரிலுள்ள எல்லா முகமும் அத்துப்படி. அதை வைத்து எல்லா மனசும் தெரியும் என்று நினைத்துக்கொள்வதுதான் எங்கள் தொழிலைப் பிடித்த பீடை. இலங்கை மலைநாட்டில், கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாவிதனாக இருந்தவன் நான். கத்தி பிடிக்கும் அன்பர்களே, அப்படி நினைத்து ஏமாந்த வெட்கம் உங்களுக்கும் வாய்த்திருக்கும்.

மீசைக்காரர்

வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு இல்லாத ஞாயிறுகளில், நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் பலாமரத்தடியில் பலகை போடுவேன். முதல் ஆளாக வந்து உட்காருபவர், தேயிலைச் செடியை மட்டம் தட்டிக் கவ்வாத்து வெட்டும் மாயாண்டி. அறுபதைத் தாண்டியவர், பிள்ளைகுட்டி இல்லை. மீசை ஒரு நூல் பிசகினாலும் என் உயிரை வாங்கிவிடுவார். ஒருநாள் சலித்துப்போய், "இந்த வயசுல யாருண்ணே பாக்கப் போறாங்க?" என்று கேட்டேன். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மனைவியைக் கண்ணால் காட்டினார்.

"அவ பாக்குறாடா. கோணலா இருந்தா சோறு போட மாட்டா."

அவிழாத தலைப்பா

இன்னொரு கிழவர் முகத்தை மட்டும் மழிக்கச் சொல்வார், தலைப்பாவைத் தொடவிட மாட்டார். ஒருநாள் அது தானாக நழுவியது. உள்ளே தலையெல்லாம் புண், பேன். கண் மங்கி, கையும் மேலே எழும்பாமல், மருமகளிடம் சொல்லக் கூசி மூடியே வைத்திருக்கிறார். நின்றவர்கள் மூக்கைப் பிடித்தார்கள். நானும் என்னை அறியாமல் பின்னால் நகர்ந்தேன். அதை அவர் பார்த்துவிட்டார். தலைப்பாவைத் தடவி எடுத்துச் சுற்றிக்கொண்டே கேட்டார்:

"நீயே அருவருத்தா நான் யார்கிட்டப்பா காட்டுறது?"

கும்பிட்டோம்

மாயாண்டியின் மனைவி காய்ச்சலில் போனாள். கருமாதிக்கு மொட்டையடித்தது நான்தான். அதன்பின் கை நடுக்கம் கண்டு, கவ்வாத்துக் கத்தி பிடிக்க முடியாமல் தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து பேரும் வெட்டப்பட்டது. மனுஷன் பலாமரத்தடிக்கு வரவேயில்லை. தாடி நெஞ்சில் விழுந்தது, தலை சடை பிடித்தது. "கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்து வளர்க்கிறார்" என்று யாரோ சொல்ல, லயமே நம்பியது. சோற்றைத் திருப்பி அனுப்பினார், விரதம் என்றோம். குளிக்காமல் இது என்ன விரதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெண்கள் அவரைக் கடக்கும்போது கும்பிட்டார்கள். கத்திப் பெட்டியோடு அவர் வாசல்வரை போன என்னைக் கங்காணி தடுத்தார்.

"சாமி முடிடா முத்தா. கிட்டப் போயிராத."

ஆடி

ஆடி பிறந்தது. கதிர்காம யாத்திரைக் கூட்டம் புறப்பட்டது. மாயாண்டியைக் கூட்டிப்போக நான்தான் லயத்தில் அவருடைய ஒற்றை அறைக் காம்பராவுக்குள் நுழைந்தேன். வீச்சம் தாங்கவில்லை. அடுப்புச் சாம்பலில் பூனை படுத்திருந்தது. கால் இரண்டும் வீங்கி, சாக்கின் மேல் கிடந்தார்.

"அண்ணே, எழும்புங்க. நேர்த்தியை முடிக்க வேணாமா?"

"என்ன நேர்த்தி?"

தாடியைக் காட்டினேன். அதை அவரே புதிதாகப் பார்ப்பவர்போலப் பிடித்துப் பார்த்தார். "ஒரு நேர்த்தியும் இல்லடா. இனி யாருக்காகச் செரச்சிக்கிறதுன்னு விட்டுட்டேன்."

யாத்திரையை விட்டுவிட்டு வெந்நீர் வைத்தேன். படுக்கவைத்தே மழித்தேன். மயிருக்கு அடியிலிருந்து வந்த முகத்தில் எலும்பைத் தவிர ஒன்றுமில்லை. கஞ்சி புகட்டினேன், இரண்டு வாய் குடித்தார். கூட்டம் திருநீறோடு திரும்பி வருமுன் அவரை அடக்கம் செய்துவிட்டோம். அன்று மழித்து முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது:

"நீ ஒருக்கா வந்து கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்டா."

எட்ட நின்று கும்பிடுவதைப்போல நோகாத வேலை எந்தத் தொழிலிலும் கிடையாது, அன்பர்களே.