குழாயடியில் நாற்பது நாள்

செல்லூர், மதுரை. 1938 ஏப்ரல் கடைசி.

இன்றைக்குக் குழாயடியில் பார்த்தது சவரியம்மாளை! நெசவுக் கூலி சூசையின் மனைவி, நாலு பிள்ளைக்குத் தாய். அவள் வாய்க்குத் தெருவே ஒதுங்கும். ஒதுங்காமல் என்ன செய்யும்? ஒரே குழாய், அறுபது வீடு, காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர். அங்கே வாய் இல்லாதவள் வீட்டில் உலை ஏறாது.

விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கிய கையோடு அவள் மாதாகோயில் சாமியாரிடம் போய் நின்றாள்.

"சாமி, தபசு காலம் நாப்பது நாளும் கறியை விடுங்க, ஒருசந்தி இருங்கன்னு சொன்னீங்க. நாங்க கறி திங்கிறதே வருஷத்துல ரெண்டு நாளு. ஒருவேளைச் சாப்பாடு எப்பவும் உள்ளதுதான். நான் எதைத்தான் விடுறது?"

"உனக்கு ரொம்பப் பிடிச்சது எதுவோ, அதை விடும்மா."

வீட்டில் வந்து சொன்னாள். தறிக்குழியில் இருந்தபடியே சூசை சிரித்தான்.

"உனக்குப் பிடிச்சது ஒண்ணுதான். குழாயடிச் சண்டை. அதை விட்டுருவியாக்கும்!"

கேலிதான். ஆனாலும் சுருக்கென்று பட்டது. நோன்பு முடிகிற பாஸ்குப் பண்டிகை வரைக்கும் யாரையும் ஏசுவதில்லை, ஏசினால் பதிலும் இல்லை என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

மூன்றாம் நாளே தெரு கண்டுபிடித்துவிட்டது. வரிசையில் அவள் குடம் பின்னால் போனது. ஒருநாள் சாக்கடையோரம் உருண்டு கிடந்தது.

"என்னத்தா, நாக்கைக் கோயில்லயே வச்சுட்டு வந்துட்டியா?" என்றாள் எதிர்வீட்டுச் சோணையம்மாள்.

குழாயில் தண்ணீர் நின்றதும் சவரியம்மாள் வெறும் குடத்தோடு வைகைக்கு நடப்பாள். மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு, ஒரு குடம் நிறைக்க அரை மணி நேரம். வீட்டில் பிள்ளைகள் கஞ்சிக்குக் காத்துக் கிடக்கும்.

"சாமியாரு வந்து பாக்கவா போறாரு? ஒரு சத்தம் போட்டுட்டுத் தண்ணியப் புடி" என்றான் சூசை.

"சாமியாருக்காகவா விட்டேன்?"

நாலாவது வாரம் அது நடந்தது. அதே தெரு மலையம்மாள் குடத்தோடு வர, புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த ஒருத்தி உரக்கச் சொன்னாள்: "பட்டமரம் வருது, வழி விடுங்கடி!"

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுச் சவரியம்மாளைப் பார்த்தார்கள். பிள்ளையில்லாத மலையம்மாளுக்கு அந்தப் பெயரை வைத்தவளே அவள்தான். மூன்று வருஷமாக எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது மலையம்மாளின் முகத்தைப் பார்த்ததில்லை. அடுத்த வார்த்தையைத் தேடவே நேரம் சரியாக இருக்கும். அன்றைக்குத் தேட ஒன்றுமில்லை. பார்த்தாள்.

மறுநாள் மலையம்மாள் குழாய்க்கு வரவில்லை. ஆற்றில் ஊற்றோரம் நின்றாள். சவரியம்மாள் அவள் குடத்தை வாங்கி, முதலில் அதில் மொண்டு ஊற்றினாள்.

"அந்தப் பேரு நான் வச்சது. மன்னிச்சுக்க, தாயி."

மலையம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்க சாமிக்காக நாப்பது நாளு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்க. நாப்பத்தோராம் நாளு பேசுவல்ல? அப்பப் பாக்குறேன்."

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். சவரியம்மாள் மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கறியை விட்டவர்கள் பாஸ்குக்குக் கறி தின்னலாம். தான் விட்டது அப்படித் திரும்பவும் எடுக்கிற பொருளில்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

பாஸ்கு கழிந்து எட்டு நாளாகிறது. இன்று காலையும் சோணையம்மாள் அவள் குடத்தைப் பின்னால் தள்ளினாள்.

"ஏத்தா, அது இருந்த எடத்துல வச்சுரு. பிள்ளைக பசியா இருக்குதுக" என்றாள் சவரியம்மாள். அவ்வளவுதான். குரல் உயரவில்லை. சோணையம்மாள் முணுமுணுத்துக்கொண்டே வைத்தாள். நாலு குடம் தள்ளி நின்ற மலையம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

செல்லூர்ப் பக்கம் போகிறவர்கள் தண்ணீர் வருகிற நேரத்துக்கு அங்கே ஒரு நடை போய் வாருங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு குடத்தைக் கொண்டுபோய் வரிசையில் நின்று பாருங்கள். அவள் விட்டது எவ்வளவு பெரிது என்று புரியும்.