திரை மூடிய கட்டில்

டைம்கீப்பர் ரஹீம் பாய் போன் செய்தபோது பகல் மணி பன்னிரண்டரை.

"பாஸ், பதினாலாம் நம்பர் ரூம் ஜெரின் நாலு நாளா அட்டெண்டன்ஸ் மெஷின்ல தம்ப் வைக்கலை. ரெண்டு மணிக்கு லிஸ்ட் ஆபீசுக்குப் போகுது. ஹுரூப்."

ஹுரூப் என்றால் ஆள் ஓடிவிட்டான் என்று கம்பெனி எழுதிக்கொடுப்பது. எழுதிவிட்டால் இக்காமா, அதாவது அங்கே தங்கும் அனுமதி, செத்தது. வேறு வேலைக்குப் போக முடியாது. ஊருக்கும் நிம்மதியாகப் போக முடியாது.

சவூதியின் ஜுபைலில் அப்போது நான் கேம்ப் பாஸ், தொழிலாளர் தங்கும் இடத்துக்குப் பொறுப்பாளன். கேம்ப்பில் ஒருவன் ஓடினால் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். ஜெரின் குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரன். முப்பத்தொரு வயது. இன்ஸ்ட்ரூமென்ட் டெக்னீஷியன். அதிகம் பேசமாட்டான். ஓடுகிற ஆளாக எனக்குத் தெரியவில்லை.

ரூம்

அந்த ரூமில் மூன்று பேர். ஜெரின், செல்வம், முருகேசன். ஷிஃப்ட் வாராவாரம் மாறும். அந்த வாரம் செல்வத்துக்குப் பகல் டூட்டி, அன்று ஆஃப். முருகேசனுக்கு நைட். இருவரும் ரூமில் இருந்தார்கள்.

"ஜெரின் எங்கடா?"

"அவன் நைட் டூட்டிதானேண்ணே? நான் போகும்போதும் வரும்போதும் திரை மூடித்தானே கெடக்கு," என்றான் செல்வம்.

"நைட்டா? நைட்டுக்கு நான்தானே போறேன்," என்றான் முருகேசன். "அவன் பகல்னு நெனச்சேன்."

"ரெண்டு பேர் கணக்கையும் சேர்த்தா அவன் இருபத்துநாலு மணி நேரமும் வேலை செஞ்சிருக்கான்," என்றேன்.

மூன்று பேரும் ஜெரினின் கட்டிலைப் பார்த்தோம். கீழ்க் கட்டில். சுற்றிலும் நீலப் போர்வை தொங்கியது.

கேம்ப்பில் இது வழக்கம். கட்டிலைச் சுற்றிப் போர்வை கட்டிக்கொள்வார்கள். அதற்குள் இருக்கும் இடம்தான் ஒருவனுக்குச் சொந்தம். முன்பு ஒரு தடவை நைட் டூட்டி முடித்துத் தூங்கியவனை ஒருவன் எழுப்பிவிட்டான். மண்டை உடைந்தது. அதன்பின் எல்லா ரூம் சுவரிலும் நானே எழுதி ஒட்டினேன்: 'திரை மூடியிருந்தால் கூப்பிடாதே.' பையன்கள் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். நாலு நாள் கடைப்பிடித்திருக்கிறார்கள்.

இருவரையும் வெளியே போகச் சொன்னேன். போர்வையை இழுக்கவில்லை.

"ஜெரின்."

"அண்ணே, நான் இஞ்சதான் இருக்கேன்."

படம்

அவனே திரையை விலக்கினான். உள்ளே குப்பூஸ் ரொட்டிக் கவர், தண்ணீர் பாட்டில். மேல் கட்டிலின் அடிப்பலகை முழுக்க ஜப்பான் கார்ட்டூன் படம். கம்பி ஓரம் பொம்மைகள் வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே பெண், கையில் குடை. ஒன்றின் மேலும் தூசி இல்லை. நடுவில் கயிற்றில் போன் தொங்கியது.

"உடம்புக்கு என்னடா?"

"ஒண்ணும் இல்லண்ணே. ஒரு நாள் எழும்ப முடியல்ல. அடுத்த நாள் போனா, நேத்து ஏன் வரல்லன்னு கேப்பாவ. அதுக்குப் பயந்து அன்னைக்கும் போவல்ல. பிறவு ரெண்டு நாளுக்குச் சேத்துல்லா கேப்பாவ."

திட்ட நினைத்தேன். மணி ஒன்று ஐந்து. போனில் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவன் கதவைப் பூட்டி உள்ளே உட்கார்ந்திருந்தான். அவன் ரூமிலும் இதே மாதிரி பொம்மைகள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இது யாரு?"

"ரூமை விட்டு வெளிய வராதவன். மூணு வருசமாச்சி."

"சோறு?"

"அம்மா வாசல்ல தட்டு வச்சி, கதவுல ரெண்டு தட்டு தட்டிட்டுப் போவா."

"குளிக்க?"

"அதெல்லாம் காட்ட மாட்டாவ."

"ஜப்பான்லயும் இப்படி ஆள் உண்டா?"

"நெறைய உண்டுன்னு சொல்லுதாவ. அவனப் பாத்துச் சிரிக்கத்தான் முதல்ல காட்டுவாவ. பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடுவான், கேக்கு வெட்டுவான். போகப் போக நமக்குச் சிரிப்பு வராது."

"கடைசியில வெளிய வருவானா?"

"தெரியாதுண்ணே. முதல்ல இருந்து நாலு மட்டம் பாத்தாச்சி. கடைசிப் பாகம் மட்டும் பாக்கல்ல."

"ஏன்டா?"

"அவன் வந்துட்டான்னா நானும் வரணும்லா."

கேட்

அவனுக்கு டூட்டி பயம் இல்லை, தம்ப் மெஷின் இருக்கும் கேட் வரைக்கும் நடப்பதுதான் பயம். வழியில் பார்ப்பார்கள், கேட்பார்கள். அதுதான். மணி ஒன்று நாற்பது.

வெளியே போனேன். அந்த வரிசை ரூம்களில் நைட் டூட்டிக்காரர்கள் பாதிப்பேர் விழித்திருந்தார்கள். எல்லோரையும் கட்டிலில் ஏறித் திரையை மூடச் சொன்னேன்.

"எதுக்குண்ணே? செக்கிங்கா?" என்றான் செல்வம்.

"பத்து நிமிஷம். எவனும் தலையை நீட்டக்கூடாது."

பிறகு ரஹீம் பாய்க்குப் போன் செய்தேன். "கூட்டிட்டு வரேன். ஒண்ணும் கேட்காதீங்க."

ஜெரின் செருப்பைத் தேட நேரமாயிற்று. வராண்டாவில் என் பின்னால் நடந்தான். இரண்டு பக்கமும் ரூம் கதவுகள் திறந்தே இருந்தன. உள்ளே போர்வைகள் மட்டும் தொங்கின. ஒருவன் இருமினான். ஜெரின் நின்றான். மறுபடி நடந்தான்.

தம்ப் மெஷின் ரேகையை எடுக்கவில்லை. விரலில் வேர்வை. சட்டையில் துடைத்து மறுபடி வைத்தான். சிவப்பு. மூன்றாவது தடவையும் சிவப்பு. ரஹீம் பாய் வாயைத் திறந்தார், என்னைப் பார்த்து மூடிக்கொண்டார். டிஷ்யூ ஒன்றை எடுத்து நீட்டினார். நாலாவது தடவை பச்சை.

"நாளைக்கு காலைல அஞ்சே கால் பஸ்," என்றார். லிஸ்டில் ஜெரின் பேரை அடித்தார். அவ்வளவுதான்.

அதன்பிறகு

கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் மாத்திரை கொடுத்தார், பேசச் சொன்னார். ஜெரின் மறுநாள் பஸ் ஏறினான். நேராகிவிட்டான் என்று எழுதினால் பொய். அந்த மாதமே இரண்டு நாள் எழவில்லை. அந்த இரண்டு நாளும் செல்வம் கட்டில் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வெளியே நின்றான். உள்ளேயிருந்து பதிலுக்குத் தட்டும் சத்தம் வந்தது. உடனே எனக்குப் போன் செய்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜெரினும் நானும் அந்தக் கடைசிப் பாகத்தைப் பார்த்தோம். கார்ட்டூனில் அவன் வெளியே வரவில்லை. கதவைக் கையளவு திறந்து, தட்டை அம்மா கையிலிருந்து வாங்கினான். படம் முடிந்தது.

"இவ்வளவுதானா!" ஜெரினுக்குக் கோபம். "இதுக்கா இத்தற நாளு பயந்தேன்?"

எனக்கு அது போதுமென்று பட்டது.

சுவரில் நான் ஒட்டியதைக் கிழிக்கவில்லை. அது சரியான சட்டம்தான், பாதிதான் எழுதியிருந்தேன். கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: 'தினம் ஒரு தடவை கம்பியில் தட்டு. உள்ளே இருப்பவன் திருப்பித் தட்ட வேண்டும்.'

புதிதாகக் கேம்ப் பொறுப்புக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். திரையை இழுக்காதீர்கள். தட்டுங்கள், பதில் வரும்வரை நில்லுங்கள்.