இடது பாதத்தில் தேய்த்த முளைகள்

2024 ஆகஸ்ட் 1, வியாழக்கிழமை. ஐந்தரைக்கு எழும்பினேன். வெறுந்தேநீர், இரண்டு துண்டு பாண். ஆறரைக்கு வீட்டைப் பூட்டிவிட்டு, வழக்கம்போல ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். ஏழு முதல் மூன்றரை வரை மருந்துக் களஞ்சியத்தில் வேலை. நான்கு மணிக்கு விளையாட்டுப் பொருட்கள் விற்கும் கடையில் சப்பாத்துகளைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கொட்லாந்து விளையாட்டுப் போட்டி. கில்ட் என்கிற கட்டம்போட்ட பாவாடையைக் கட்டிக்கொண்டு கல்லும் சம்மட்டியும் எடைக்குண்டும் எறிகிற ஐம்பது வயதுக்காரர்களில் நானும் ஒருவன். சம்மட்டிக்குச் சப்பாத்துத் தெரிவுசெய்வது சுலபம். கால் அசையக்கூடாது, ஆகவே நுனியில் இரும்புத் தகடு நீட்டிய பூட்ஸ் போட்டு, தகட்டை நிலத்தில் குத்தி நிற்கவேண்டும். எடைக்குண்டுக்குத்தான் சிக்கல். இருபத்தெட்டு இறாத்தல் இரும்பை ஒரு கையில் பிடித்தபடி புல்லில் இருமுறை சுழலவேண்டும். சப்பாத்தின் அடியில் முளை இல்லாவிட்டால் வழுக்கும். முளை நீளமென்றால் பாதம் புல்லில் மாட்டி நின்றுவிடும், உடம்பு மட்டும் சுழலும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது முழங்கால்.

கடைக்காரி பிரெஞ்சில் அளவு கேட்டாள். பத்து என்றேன். அவள் கொண்டுவந்த பெட்டிக்குள் அதே கறுப்புச் சோடி இருந்தது. மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டு, வாங்காமல் வெளியே வந்தேன்.

அதே மாதிரிச் சோடியைத்தான் முந்தி ஒரு மலிவு விற்பனையில் நானும் அண்ணையும் ஆளுக்கொன்றாக வாங்கினோம். இருவருக்கும் ஒரே அளவு. அண்ணை எனக்கு உறவில்லை. களஞ்சியத்தில் என்னோடு வேலை செய்தவர், என்னை இந்த எறிதலுக்குள் இழுத்தவர். அவர் தன் இடது சப்பாத்தின் முன்பாதத்தில் இருந்த முளைகளை அரத்தால் பாதியாகத் தேய்த்துக்கொண்டார். நான் தேய்க்கவில்லை. மற்றபடி இரண்டு சோடிக்கும் வித்தியாசம் இல்லை.

போன வருடப் போட்டியில் அக்கா, அண்ணையின் மனைவி, கூடாரத்துக்குள் பாய் விரித்துச் சோற்றுப் பார்சல்களைப் பிரித்தார். பாயில் ஏறுமுன் இருவரும் சப்பாத்தைக் கழற்றினோம். அந்த மைதானத்தில் வேறு எவரும் அப்படிச் செய்திருக்கமாட்டார்கள். என் பெயரை முதலில் கூப்பிட்டார்கள். கிட்ட இருந்த சோடியை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

முதல் சுற்றிலேயே விளங்கிவிட்டது, இது அண்ணையின் சோடி. இடது கால் எண்ணெயில் போல வழுக்கித் திரும்பியது. நாற்பத்திரண்டு அடி. அதுவரை நான் முப்பத்தொன்பதைத் தாண்டியதில்லை. அடுத்தது அண்ணை. அவர் நடந்து வருவது தெரிந்தது. கூப்பிட்டிருக்கலாம். அளவுநாடாவைப் பிடித்தவர்கள் அங்குலத்தைச் சொல்லும்வரை நான் நின்றேன். நாலு அங்குலம் என்றார்கள். திரும்பியபோது அண்ணை சுழலத் தொடங்கிவிட்டார். ஈரத் தடி முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் இப்போதும் வரும், பெரும்பாலும் பகலில், களஞ்சியத்தில் யாராவது மட்டைப்பெட்டியை மிதிக்கும்போது. கோயில் வாசலில் குவிந்திருக்கும் சப்பாத்துகளைக் குனிந்து பார்க்காமல் என்னால் உள்ளே போக முடிவதில்லை.

கடையிலிருந்து ரொக்ஸ்பரோவில் என் வீட்டுக்கு வந்து, போன வருடத்திலிருந்து என்னிடமே இருந்த அந்தத் தேய்த்த சோடியை எடுத்துக்கொண்டு டொலார்ட்டில் அண்ணை வீட்டுக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்தார்.

"கையில வச்சிருக்கிற சப்பாத்தை வெளியில வையுங்கோவன்."

"இல்லை அக்கா, இது அண்ணைக்குக் காட்ட."

அண்ணை கதிரையில் இருந்தார், ஊன்றுகோல் பக்கத்தில். "வா தம்பி. ஞாயிறு எதைப் போடப்போறாய்? உன்ர சோடியைத்தானே ஆம்புலன்சில வெட்டிப்போட்டாங்கள். அவசரத்தில பாக்காமல் உன்ரதை மாட்டினது என்ர பிழை." ஒரு வருடமாக அவர் இதைச் சொல்லி என்னிடம் வருத்தப்படுகிறார்.

"முதல்ல மாறிப் போட்டது நான், அண்ணை. முதல் சுத்திலேயே எனக்குத் தெரியும். நீங்கள் வந்துகொண்டிருந்தனீங்கள்."

அவர் சப்பாத்தை வாங்கிக் கவிழ்த்தார். தேய்த்த முளைகளைப் பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். குசினியில் அக்காவின் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

"கூப்பிடேல்லை."

"ஓம்."

"என்ன செய்துகொண்டு நிண்டனீ?"

"அளந்து முடியட்டும் எண்டு நிண்டன்."

"எவ்வளவு?"

"நாற்பத்திரண்டடி நாலு அங்குலம்."

"அப்ப அது என்ர கால் எறிஞ்சது" என்றார். சிரிக்கவில்லை. சோடியை என் மடியில் வைத்தார். "கொண்டுபோ. ஞாயிறு இதையே போட்டு எறி. நான் வந்து இருந்து பாக்கிறன்."

அக்கா தேநீர் கொண்டுவரவில்லை. வெளியே என் சப்பாத்தை மாட்டினேன். கையில் இருந்த சோடி கனத்தது.

வெள்ளி காலை எழும்பியதும், பல்லும் தீட்டாமல், முதலில் போன வருடக் குறிப்பேட்டை எடுத்தேன். நிலம், காற்று, தூரம் எல்லாம் நிரப்பியிருந்தேன். சப்பாத்து என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. அதில் எழுதினேன்: அண்ணையினது. தெரிந்தே.