யார் வீட்டு மூக்கு

அப்பாவும் மகனுமாக யாராவது சலூனுக்குள் நுழைந்தால், அங்கே முடி வெட்டும் அவனுக்கு வயிறு எரியும். இரண்டு தலைகளிலும் ஒரே இடத்தில் சுழி இருக்கும். அந்த முடி எத்தனை சீவினாலும் ஒரே பக்கமாகக் கிளம்பி நிற்கும். அந்த அப்பன் அதைப் பெருமையாகத் தடவிக்கொள்வதைப் பார்க்கும்போது கத்தரிக்கோல் அவன் கையில் கனக்கும்.

அவன் அநாதை விடுதியில் வளர்ந்தவன். தொழில் கற்றுக்கொடுத்த கடைக்காரர் ஒருநாள் அவன் உச்சந்தலையில் இரண்டு சுழிகளைக் கண்டு சொன்னார். அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் அவன் 'இரட்டைச்சுழி'. பெற்றவர்கள் விட்டுப்போன சொத்து என்று அவன் நம்பியது அது ஒன்றைத்தான்.

இப்போது அவன் மனைவி முழுகாமல் இருந்தாள். மருத்துவமனையில் டாக்டரம்மா இரண்டு பக்கத்துப் பரம்பரை நோய்களையும் விசாரித்தார். கூட வந்திருந்த மாமியார், நகைகளை எடுத்துக் காட்டுவதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள்: அப்பாவுக்குச் சர்க்கரை, பெரியப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு, அத்தைக்கு ஆஸ்துமா.

"உங்க பக்கம்?" என்று டாக்டரம்மா அவனைக் கேட்டார்.

"தெரியாதுங்க."

அவர்களுடைய சர்க்கரை நோயின் மீதுகூட அவனுக்குப் பொறாமை வந்தது.

விடுமுறை நாட்களில் மாமியார் வீட்டுப் பின்கட்டில் எல்லோருக்கும் முடி வெட்டுவது அவன்தான். அந்த வீட்டில் ஒரு தலையிலும் இரட்டைச்சுழி கிடையாது. குழந்தைக்கு அது இருந்துவிட்டால் ஒருவரும் சொந்தம் கொண்டாட முடியாது. இந்த ஆசையை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மச்சான் துணியைப் போர்த்திக்கொண்டு அவன் முன்னால் உட்கார்ந்திருந்தான். மாமியார் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே, பிறக்கப்போகும் குழந்தையைப் பங்கு பிரித்தாள்.

"நெத்தி எங்க வீட்டுக்காரரோடது. விரலு என் தம்பியோடது. பாத்துக்கிட்டே இருங்க."

"காது என்னோடதும்மா," என்றான் மச்சான்.

"உன் காது வேண்டாம்டா. சொன்னா எங்க கேக்குது?"

மச்சான் சிரித்தான். "மாப்பிள்ளை பக்கத்துக்கும் ஏதாவது விட்டு வைம்மா."

"அவர் பக்கத்துல என்னடா இருக்கு? காலி மனை."

மாமியார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் மெஷின் வழுக்கியது. மச்சானின் பின்மண்டையில் வெள்ளையாக ஒரு பாதை விழுந்தது.

"மாப்பிள்ளை, என்ன ஜில்லுனு இருக்கு?"

"ஒண்ணுமில்ல மச்சான். மொட்டைதான் போடணும்."

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மெஷினை வைத்துவிட்டு மாடிக்குப் போனான். மனைவி வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெல்லப் பின்னாலேயே ஏறி வந்தாள்.

"வேணும்னே பண்ணீங்களா?"

"பாதி. எல்லாத்தையும் அவங்களே எடுத்துக்கிட்டாங்க. எனக்குன்னு ஒரு சுழியாவது வேணும். என் புள்ளையைப் பாத்து நான் மட்டும் யாரோ மாதிரி நிக்கணுமா?"

அவள் அவன் சட்டையில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டாள். பிறகு தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.

"இது யாரோடது தெரியுமா? ஓடிப்போன என் சித்தியோடது. காலேஜ் விட்டு வர கொஞ்சம் லேட்டானா, 'அந்த மூக்கு வீட்ல தங்காது'ம்பாங்க. ஒரு நாள் வெளியில போகாம ரூம்ல பூட்டியே வெச்சாங்க. நான் எந்தத் தப்பும் பண்ணலைங்க. மூக்குதான் பண்ணுச்சு."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். இத்தனை நாளும் அந்த மூக்கை அவன் அழகு என்று மட்டுமே நினைத்திருந்தான்.

"உங்க மூக்கைப் பாத்து யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே எனக்கு உங்க மேல பொறாமை," என்றாள். "நம்ம புள்ளைக்கு என்ன நோய் வரலாம்னு தெரிஞ்சுக்கலாம். அதுக்கு மேல எது யாரோடதுன்னு யாரும் சொல்ல வேண்டாம். நீங்களும்தான்."

கீழே இறங்கி வந்து அதையே அம்மாவிடமும் சொன்னாள். மாமியார் இரண்டு நாள் மகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. மாமியார் நெற்றியைப் பார்த்தாள், விரல்களைப் பார்த்தாள், உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"மூச்சு விடும்மா," என்றான் மொட்டை மச்சான்.

குழந்தையை அவன் கையில் கொடுத்தார்கள். தலை வரை துணி சுற்றியிருந்தது. ஒரு விரலால் விலக்கினால் போதும், உச்சி தெரிந்துவிடும். விரல் துணியின் விளிம்பு வரை போயிற்று. கட்டிலிலிருந்து மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எத்தனையோ தலைகளைப் பார்த்தவன், அந்த ஒரு தலையைப் பார்க்கவில்லை. துணியை நன்றாக இழுத்து மூடிவிட்டு, மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு அழுதான்.